மேலுதட்டில் ஒரு பட்டாணி

காப்பிக்கு முன்னால் சிக்ஸ்டன் மேலுதட்டைத் தூக்கி, ஊறிப்போன குட்டிப் புகையிலைப் பையை டப்பா மூடிக்குள் துப்புவார். குடித்து முடித்ததும் புதுப் பை ஒன்று அதே இடத்துக்குப் போகும். பேருந்து ஓட்டும்போதும் சரி, தேவாலயத்திலும் சரி, இடது மேலுதடு உப்பியே இருக்கும். வட சுவீடனில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு உதடு அப்படித்தான்.

அதனால்தான் கட்டி வந்ததே அவருக்குத் தெரியவில்லை. பையைத் துப்பிய பிறகும் உள்ளே ஏதோ உருளும். விரலை விட்டுத் தோண்டுவார். "துப்பியாச்சு, இன்னும் கெடக்குது பாரு! பையைக்கூட ஒழுங்கா ஒட்டத் தெரியல இவனுங்களுக்கு!" என்று குளிர்காலம் முழுக்கப் புகையிலைக் கம்பெனியைத் திட்டினார். ஒருநாள் அவர் மனைவி ராக்ன்ஹில்ட் பொறுமையிழந்து, உதட்டைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பையுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. பட்டாணி கணக்கா ஒரு கட்டி! நாளைக்கே டாக்டர்கிட்ட போற."

அன்று சிக்ஸ்டன் புகையிலை டப்பாவைத் தன் கையாலேயே குப்பையில் போட்டதைப் பக்கத்து வீட்டுக்காரனான நான் பார்த்தேன். புற்றுநோய் என்ற சொல்லை மட்டும் நாங்கள் மூவரும் வாயில் எடுக்கவில்லை.

வாய் அறுவை மருத்துவர் யுல்வா, கட்டியை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். "நல்லா நழுவுது. கெட்டதா இருந்தா பெரும்பாலும் இப்படி நழுவாது. ஆனா எடுத்துச் சோதிக்காம வாக்குக் குடுக்க மாட்டேன்." உதட்டை மரக்கவைத்து, உள்பக்கம் கீறி, அதைச் சிதையாமல் முழுசாக எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று நான்தான் கார் ஓட்டினேன்.

"சாதுவான கட்டி," என்றார் யுல்வா. "உதட்டுக்குள்ள சின்னச் சின்னதா உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கும், அதுல வர்றது. ரொம்ப அபூர்வம். மிச்சமில்லாம வந்துடுச்சு. அப்பப்ப வந்து காட்டுங்க, போதும்."

"புகையிலையாலயா?" என்று கேட்டாள் ராக்ன்ஹில்ட்.

"இல்ல. அதுக்காகப் புகையிலை நல்லதுன்னு நான் சொன்னதா ஊர்ல போய்ச் சொல்லிடாதீங்க."

ராக்ன்ஹில்ட் சிரிக்கும்போதே அழுதுவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிக்ஸ்டன் மட்டும், "ம், அப்படியா," என்றார்.

வீட்டுக்கு வந்தவர் உள்ளே போகவில்லை. நல்ல சட்டையோடு கொட்டகைக்குப் போய்க் கோடாலியை எடுத்து வந்தார். ஓரமாகக் கிடந்த ஈரப் பிர்ச் மரக்கட்டைகளின்மேல் இன்னும் பனி இருந்தது.

"இனிமே எனக்கு விறகு எதுக்குன்னு போன வாரம் கேட்டியே?" என்று வாசலிலிருந்து கத்தினாள் ராக்ன்ஹில்ட்.

"பச்சைக் கட்டை. காயறதுக்கே ரெண்டு கோடை ஆகும்," என்ற சிக்ஸ்டன், பனியைத் தட்டிவிட்டு முதல் கட்டையை நிமிர்த்தி வைத்தார்.