சர்வீஸ் ராசுவுக்குப் பாராட்டு விழா!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவெறும்பூரில் ஒரு பாராட்டு விழா. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறி, உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போனேன். பின்னே? பாராட்டப்படுபவர் 'சர்வீஸ்' ராசு அண்ணன் ஆயிற்றே!

ஃபேக்டரி வாலிபால் டீமில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர். எங்கள் செட் பெண்களுக்குள் எந்த சினிமா ஹீரோ உசத்தி என்று அடிக்கடி சண்டை வரும். ராசு அண்ணன் விஷயத்தில் மட்டும் சண்டையே கிடையாது.

அவரிடம் ஒரு பழக்கம். சர்வீஸ் போடும் முன் பந்தைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டுவார். "போடுண்ணே!" என்று நாங்கள் மொத்தமாகக் கத்தினால்தான் போடுவார். ஜெயித்தால், பாதி ஜெயம் எங்களுடையது என்ற மிதப்பில், தொண்டை கட்டிக்கொண்டு வீடு திரும்புவோம்.

இப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் வலது தோளில் ஆபரேஷன். அதற்கப்புறம் பந்தையே தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதனால் விழாக் கமிட்டியிடம் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பழைய கோர்ட்டுல கடைசியா ஒரே ஒரு சர்வீஸ் போட்டுக்கிறேங்க. வேற எதுவும் வேணாம்."

அரியமங்கலத்திலிருந்து வந்திருந்த என் பள்ளித் தோழி கோமதிதான் இதைச் சொன்னாள். கமிட்டியும் பெருந்தன்மையோடு சம்மதித்ததாம்.

ஏற்பாடெல்லாம் பிரமாதம். மேடையை எங்கே போட்டிருந்தார்கள் என்கிறீர்கள்? அந்த வாலிபால் கோர்ட்டின் மேலேயே! நெட் கம்பங்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, பாதி கோர்ட்டில் மேடை, மீதிப் பாதியில் நாற்காலிகள். வாலிபால் வீரருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன செய்துவிட முடியும்?

நாற்காலிகளுக்குப் பின்னால், மேடையைப் பார்த்தபடி ஒரு பிரம்மாண்ட ஃப்ளெக்ஸ் — மேடையில் இருப்பவர்கள் போரடித்தால் தங்களையே பார்த்து ரசித்துக்கொள்ளலாம் பாருங்கள். அதில் கமிட்டித் தலைவர் கைகூப்பிச் சிரிக்கிறார், ஆள் உயரத்துக்கு. ராசு அண்ணன்? இருந்தார், இருந்தார்... கீழே ஓரத்தில், பாஸ்போர்ட் சைஸில்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "ராசு அண்ணன்னா எனக்கு உயிரு" என்று ஆரம்பித்து, தன் பள்ளிப் பருவம், தன் தொழில், தன் மகனின் வெளிநாட்டு வேலை என்று உருகினார். நடுநடுவே பொன்னாடைகள். திருச்சி வெயில் தெரியுமல்லவா? அதில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே இருந்தார்கள்.

"ஏன்டி, அண்ணனுக்குக் குளிருதுன்னு யாருடி சொன்னது?" என்றாள் கோமதி.

கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புது வாலிபாலை வைத்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். கூடவே அறிவிப்பு.

"நேரமில்லாத காரணத்தால அண்ணன் சர்வீஸ் போடுற நிகழ்ச்சி ரத்து செய்யப்படுது. எல்லாரும் டிபன் சாப்பிட்டுட்டுப் போங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷர் கேட்டதே அந்த ஒன்றைத்தானே? கூட்டம் எழுந்து டிபன் பக்கம் நகர ஆரம்பித்தது. அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பொன்னாடைகளை நிதானமாகக் கழற்றித் தலைவரின் கையில் அடுக்கினார். பெட்டியைத் திறந்து பந்தை எடுத்தார். மேடையின் விளிம்புக்கு வந்து, இடது கையால் அதை எங்களை நோக்கித் தூக்கிக் காட்டினார்.

இட்லித் தட்டோடு நின்றவர்கள் அப்படியே திரும்பினார்கள்.

"போடுண்ணே!"

அடிவயிற்றிலிருந்து வந்தது. அதில் என் குரலும் ஒன்று. இந்த வயதில், நரைத்த தலையோடு, நடு மைதானத்தில்... வெட்கமா? மருந்துக்குக்கூட இல்லை.

போட்டார். பந்து காலி நாற்காலிகளைத் தாண்டி, அதே பழைய வேகத்தில் பறந்து, ஃப்ளெக்ஸில் தலைவரின் மூக்கைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. தலைவரும் தட்ட முயன்றார், கை நிறையப் பொன்னாடை. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அண்ணன் மேடையை விட்டு இறங்கியதும் கோமதி ஓடிப்போய் வம்புக்கு இழுத்தாள்.

"என்னண்ணே, கோட்டைத் தாண்டிப் போயிடுச்சே... அவுட்டு!"

வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டே சிரித்தார் அண்ணன்.

"கோர்ட்டையே காணோமேம்மா... அப்புறம் எங்கேர்ந்து அவுட்டு?"