நர்ஸம்மாவிடம் மட்டும் பேசியவள்

நீல அட்டை போட்ட அந்தப் பதிவேட்டில் ஒரே வார்த்தையை நாற்பத்தொரு முறை எழுதியிருந்தேன். "பேசவில்லை." ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அந்த வார்த்தை, அதன் கீழே என் சுருக்கக் கையெழுத்து. முதல் வாரத்தில் எழுத்து குண்டு குண்டாக, பார்க்க அழகாக இருக்கும். போகப் போகச் சாய்ந்து, கடைசிப் பக்கங்களில் பேனா முனை காகிதத்தையே கிழித்திருக்கும். அந்தப் பெண் மேல் எனக்கு இருந்தது அக்கறை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. விருதுநகருக்கு வெளியே பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். பள்ளி என்று பெயர்தானே தவிர, சுற்றுச்சுவரின் தலையில் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும், வாசலில் எந்நேரமும் பூட்டு தொங்கும். திருடியவர்கள், வீட்டை விட்டு ஓடி ரயில்வே ஸ்டேஷனில் பிடிபட்டவர்கள் என்று எப்போதும் முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் இருப்பார்கள். நான் சீனியர் கேஸ் ஒர்க்கர். இந்தக் காலத்தில் கவுன்சிலர் என்கிறார்கள். பிள்ளைகளோடு பேசி, ஏன் அந்தக் காரியத்தைச் செய்தார்கள், வீட்டுக்கு அனுப்பினால் நல்லபடியாக இருப்பார்களா என்று கண்டறிந்து மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை எழுத வேண்டும். மல்லாங்கிணறு பக்கத்தில் பருத்திக் காடு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கல்யாணம் வேண்டாம் என்று சண்டை போட்டுப் பட்டணம் போய், இந்த வேலைக்கென்றே இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவள் நான். என் அறிக்கையை மாஜிஸ்திரேட் ஒரு நாளும் மறுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அச்சங்குளத்துப் பெண் வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும். விருதுநகர் மிளகாய் மண்டி ஒன்றின் வாசலில் இருந்த பித்தளைக் குடத்தை, பட்டப்பகலில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். ஓடக்கூட இல்லை. பிடித்தவர்களிடம் "ஆமா, களவாண்டேன்" என்று சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவாள். நான் கேட்பேன், அவள் என் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதட்டிப் பார்த்தேன், கடலை மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். மிட்டாயைத் தின்றாள். பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு நர்ஸம்மா வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். குட்டையான உருவம். மருந்து அலமாரிச் சாவியை வாரத்துக்கு ஒரு முறையாவது தொலைப்பார். பிள்ளைகளின் எடை எழுதும் நோட்டில் பால் கணக்கை எழுதி வைப்பார். வந்த நாலாம் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் என்னை ஆபீசரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வந்த இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்குப் பேன் எடுத்துக்கொண்டிருந்தார். அச்சங்குளத்தாளின் முறை வந்தது. அலுவலக ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் முழங்கால்களுக்கு நடுவே அவள் தரையில், முதுகைக் காட்டிக்கொண்டு. நர்ஸம்மா எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. வாயில் ஒரு ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. முதலில் நம்ப முடியாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பேசுகிறாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள்! ஒரு தடவை சிரிக்கவும் செய்தாள். கீழ்வரிசையில் ஒரு பல் உடைந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் வேலையே அதுதானே. ஆனால் அடிவயிற்றில் யாரோ மிளகாய் வற்றலை அரைத்து அப்பியதுபோல எரிந்தது. இத்தனை நாளாக நான் தவம் கிடந்த வாசலுக்குள், ஒரு பேன் சீப்போடு வந்து நுழைந்துவிட்டாளே! அன்றையிலிருந்து நர்ஸம்மாவிடம் குறை தேடுவதே எனக்கு வேலையாகிப் போனது. சாவி தொலைந்ததைச் சூப்பரிண்டெண்டிடம் சொன்னேன். பால் கணக்கைக் காட்டினேன். பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிறார் என்றேன். அதோடும் விடவில்லை. ஒரு நாள் அந்தப் பெண்ணை அலுவலகத்துக்கு அழைத்து, தரையில் உட்காரச் சொல்லி, நானும் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவள் கழுத்து கட்டையாக விறைத்துக்கொண்டது. சீப்பை இழுக்க இழுக்கத் தலையும் கூடவே வந்தது. வலிக்கிறது என்றுகூட அவள் சொல்லவில்லை. அரை மணி நேரம் வாரிவிட்டு, "போ" என்றேன். போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து நர்ஸம்மா என் அறைக்கு வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"அக்கா, அந்தப் பிள்ள களவாண்டதே பிடிபடணும்னுதானாம். அவ அக்கா வெடி கம்பெனியில திரி வெட்டப் போனவ, தீப்பிடிச்சுச் செத்துப் போயிட்டா. காய்ச்ச உடம்போட கெடந்தவள சீசன் வேலைன்னு புருசன்காரன் அடிச்சு அனுப்பியிருக்கான். இப்ப அவனுக்கே இவளக் கட்டி வைக்கிறதாப் பேசி முடிச்சுட்டாகளாம். ஜெயிலுக்குப் போனா கல்யாணம் நின்னுரும்னு யாரோ சொன்னாகளாம். அதான் கொடத்தத் தூக்கியிருக்கா. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போக அவன்தான் வாரானாம். நீங்க ரிப்போர்ட்டுல எழுதிருங்கக்கா."

நான் பேனாவை மூடி வைத்தேன். "எங்கிட்ட அவ ஒரு வார்த்தை சொல்லல. காதுல விழுந்ததெல்லாம் எழுதுனா அதுக்குப் பேரு ரிப்போர்ட்டு இல்ல."

"அப்ப அவளக் கூப்பிட்டு நீங்களே கேளுங்க. நானும் கூட இருக்கேன்."

"நீங்க இருக்க வேண்டாம். நான் கேட்டுக்கிடுதேன்."

கேட்டேன். அவள் மைக்கூட்டைப் பார்த்தாள். வழக்கமான வார்த்தையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அறிக்கையில் "குடும்பத்தாரிடம் ஒப்படைக்கலாம்" என்று முடித்தேன். விதிப்படிதான் நடக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னிடம் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனே, சொல்லாதது அவள் குற்றம்தானே என்றும் நினைத்தேன். ஒரு குழந்தையின் வாழ்க்கையை எழுதும் இடத்தில் என் ரோஷத்தை எழுதிவிட்டு எழுந்தேன்.

ஒப்படைக்கும் நாளன்று கோர்ட்டுக்குத் தானும் வருவதாக நர்ஸம்மா கேட்டார். மருந்தறையை யார் பார்ப்பது என்று சொல்லித் தடுத்துவிட்டேன். நானும் அந்தப் பெண்ணும், துணைக்குப் பள்ளி ஆயா ஒருத்தியும் மட்டும் போனோம். உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. கோர்ட்டு வராந்தாவில், மாஜிஸ்திரேட்டின் அறையை ஒட்டிய பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா தூணோரமாகத் தலையைக் குனிந்து நின்றார். அக்கா புருஷன் முப்பது வயசுக்காரன், வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தான். பார்த்தால் கெட்டவன் என்று சொல்ல முடியாது. கையில் ஒரு துணிப்பை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு முதன்முதலாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நர்ஸம்மா வரலையா?"

என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். இத்தனை நாள் காத்திருந்து கிடைத்ததும் இன்னொருத்தியைத் தேடும் கேள்விதானா என்று மனசு கசந்தது. "வரல" என்றேன். அவள் மறுபடியும் தரையைப் பார்த்தாள்.

அக்கா புருஷன் பையைத் திறந்து அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலையை எடுத்து அவள் மடியில் போட்டான். "ஏ புள்ள, இதக் கட்டிக்கிட்டு வா. வீட்டுல எல்லாரும் காத்துக் கெடக்காக." பிறகு, நான் பார்ப்பதைக் கவனித்து, மரியாதையாகவே சொன்னான். "அவ அக்கா மூர்த்தத்துக்குக் கட்டுன சேலதாம்மா. நல்லாத்தான் இருக்கு. வீணாப் போவானேன்னு எடுத்தாந்தேன்."

அவள் அழவில்லை. சேலையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். செத்துப்போன அக்காவின் வாசனையைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பட்டணத்தில் படித்த படிப்பு எதுவும் அப்போது உதவிக்கு வரவில்லை. கால்கள் தாமாக மாஜிஸ்திரேட்டின் அறைக்குள் போயின.

"ஐயா, அந்த உத்தரவை நிறுத்தி வைக்கணும். என் அறிக்கை தப்பு" என்றேன். நர்ஸம்மா சொன்னது முழுவதையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்று கோபமாக இருந்தார்.

"பத்து நாளா உங்களுக்குத் தெரியும். ஏன் எழுதல?"

விதி என்று சொல்லலாம், சாட்சி இல்லை என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். என்னவோ தெரியவில்லை, பொய் வரவில்லை.

"அவ எங்கிட்டச் சொல்லலைங்கய்யா. நர்ஸ்கிட்டச் சொன்னா. எனக்குப் பொறுக்கல. பொறாமை."

அவர் மணியடித்து நர்ஸம்மாவை அழைத்துவர ஆள் அனுப்பினார். மத்தியானமே விசாரணை நடந்தது. நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். பதினெட்டு வயது முடியும்வரை எங்கள் பொறுப்பில் இருக்கலாம் என்று புது உத்தரவு வந்தது. அக்கா புருஷன் சேலையைத் திருப்பிக் கேட்டான். அவள் கொடுக்க மாட்டேன் என்றாள். அப்பாதான், அன்று முதல் தடவையாக வாயைத் திறந்து, "அது எம்மக சேல, அவகிட்டயே இருக்கட்டும்" என்றார். எனக்கு எழுத்து மூலமாகக் கண்டனம் வந்தது. நர்ஸம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல அக்கா என்றே கூப்பிட்டார். அந்தப் பெருந்தன்மையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் எங்களிடமே இருந்து எழுதப் படிக்கக் கற்றாள். பிறகு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் தாள் எண்ணி அடுக்கும் வேலைக்குப் போனாள். அறுபதுகளின் நடுவில், அங்கேயே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைத் தானே தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நர்ஸம்மாவுக்கும் எனக்கும் பத்திரிகை வந்தது. மணமேடையில் தாய் ஸ்தானத்தில் நர்ஸம்மாதான் நின்றார். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு அவர் ஆரத்தித் தட்டை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் திண்டாட, கூட்டமே சிரித்தது. நான் நாலாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே எரிச்சல், அதே இடத்தில்.

பந்திக்குப் போவதற்கு முன்னால் அவள் என்னைத் தேடி வந்தாள். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இனியும் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. "ஒங்கிட்ட நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கோர்ட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றாள். "ஜட்ஜையா ரூம்புக்கு அரைக்கதவுதான. நான் வெளிய பெஞ்சுலதான உக்காந்திருந்தேன். நீங்க சொன்னது அம்புட்டும் கேட்டுச்சு."

எட்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "கோவம் வரலையா ஒனக்கு?" என்றேன்.

"வரலம்மா." அவள் மாலையில் உதிர்ந்திருந்த இதழ்களைப் பொறுக்கி மடியில் சேர்த்துக்கொண்டே பேசினாள். "எங்க வீட்டுல என்னைய ஒருத்தரும் வேணும்னு சொன்னதில்ல. அக்கா செத்துட்டா, அவ எடத்துக்கு ஒரு ஆளு, அம்புட்டுத்தான். அன்னைக்கு நீங்க பொறாமைன்னு சொன்னதும் மொதல்ல வெளங்கல. அப்புறந்தான் வெளங்குச்சு. எங்கூடப் பேசணும்னு ரெண்டு பேரு போட்டி போட்டிருக்கீக. எனக்குப் போயி போட்டி! அந்த எடத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சேலைய வச்சு மூஞ்சிய மூடிக்கிட்டேன்."

மேடையிலிருந்து நர்ஸம்மா அவளைக் கூப்பிட்டார். "இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்தாளே தவிர, அவள் எழுந்திருக்கவில்லை. நர்ஸம்மா இன்னொரு முறை கூப்பிட்டார். அவள் என் பக்கம் குனிந்து, "இருக்கட்டும், கொஞ்ச நேரம் அவுக கூப்பிட்டுக்கிட்டே இருக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள்.