கிளச்சை இலகுவாக்கிய எட்டு மாதங்கள்

றெஜி அத்தான் முதலில் கிளச்சைத்தான் குறை சொன்னார். ஒரு சனிக்கிழமை காலை மன்னார் ரவுணில் இருக்கும் என் கராஜுக்கு வந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, இடக்கையை இரண்டு தரம் உதறினார்.

"யூட், கிளச் இறுகிப்போச்சு. ஒருக்காப் பாரடா."

கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். இழுத்துப் பார்த்தபோது எனக்கு இறுக்கமாகத் தெரியவில்லை. ஆனாலும் இவ்வளவு தூரம் ஓடுகிற மனிதர் சொன்னால் ஏதோ இருக்கும் என்று புதுக் கேபிள் போட்டுக் கொடுத்தேன். நான் செய்த பிழை அங்கேதான் தொடங்கியது.

அவர் என் ஸ்ரெல்லா அக்காவின் கணவர். பள்ளிமுனையில் வலையும் மீன்பிடிக்கும் தங்கூசி நூலும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். கடை பெயருக்குத்தான். மனிதர் இருந்ததெல்லாம் ரோட்டில். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபோது எங்களில் முதல் ஆளாக மோட்டார் சைக்கிளில் பருத்தித்துறைக்கு ஓடிப் போய்வந்தவர். பிறகு திருகோணமலை, மட்டக்களப்பு, தெற்கே தெவிநுவர என்று தீவைச் சுற்றினார். பத்துப் பன்னிரண்டு பேர் அவர் பின்னால் போவோம். ஒவ்வொரு சந்தியிலும், கடைசி ஆள் வந்து சேரும்வரை நிற்பார். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் நான்தான். "மெக்கானிக்கின்ர சைக்கிள் எண்டா இப்படித்தான் கிடக்கும்" என்று சிரிப்பார்.

ஊர் அவரை நேசித்தது இன்னொரு வேலைக்காக. எங்கள் பக்கத்தில் செத்தவீட்டைப் போனில் சொன்னால் சொன்னதாகவே எடுக்கமாட்டார்கள். ஆள் நேரில் போய் வாசலில் நின்று சொல்லவேண்டும். சொல்லாமல் விட்ட வீட்டுக்காரர் வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பதும் உண்டு. பள்ளிமுனையில் யார் இறந்தாலும், பெரியமடு என்றாலும் முள்ளிக்குளம் என்றாலும், சொல்லப் போனவர் றெஜி அத்தான். தெரு முனையிலேயே எஞ்சினை நிறுத்தி, மிச்சத் தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். "சாவு சொல்லப் போற வீட்டுக்கு இரைஞ்சுகொண்டு போகலாமோ" என்பார். அதனால் அவருடைய சைக்கிள் சத்தம் முனையில் நின்றுவிட்டால், உள்ளே சமைத்துக்கொண்டிருப்பவர்களும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

கேபிள் மாற்றி ஒரு மாதத்தில் திரும்ப வந்தார். இன்னும் இறுக்கம் என்றார். எஞ்சின் பக்கத்தில் கேபிள் இழுக்கும் தண்டை ஒரு விரற்கடை நீட்டி ஒட்டிக் கொடுத்தேன். கிளச் இலகுவானது. அடுத்த தரம் உள்ளே இருந்த ஸ்பிரிங் சுருள்களை மாற்றி மெல்லியதாகப் போட்டேன். இப்படியே எட்டு மாதம். இடத் தோள்பட்டைக்குப் பின்னால் குத்துகிறது, வலி உட்கைவழியாக மோதிர விரல்வரை இறங்குகிறது என்றும் சொன்னார். அதற்கும் நான்தான் டொக்டர். ஹாண்டிலை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். தைலம் பூசச் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தோள் நோகும், எல்லோருக்கும் விரல் விறைக்கும். ஓடுகிறவன் உடம்பு அப்படித்தான் என்று நாங்கள் அதைப் பெருமையாகவே பேசிக்கொள்வோம்.

அந்த வருடம் மடு மாதா திருவிழாவுக்கு நடந்து போகிற சனத்துக்குத் தண்ணீர் கொடுக்க, நாள் முழுக்க வெயிலில் மேலும் கீழும் ஓடினார். மரத்தடியில் ஹெல்மெற்றைக் கழற்றியபோது முகத்தின் வலது பக்கம் வேர்வையில் குளித்திருந்தது. இடது பக்கம் காய்ந்து கிடந்தது. இடக் கண்ணிமையும் கொஞ்சம் சரிந்திருந்தது.

"அத்தான், ஆருக்குக் கண்ணடிக்கிறியள்? அக்காட்டச் சொல்லட்டே?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேத்தண்ணிக் கோப்பை இரண்டாவது தரம் கையிலிருந்து நழுவி விழுந்த அன்று, அக்காதான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனா. நானும் போனேன். இளம் பெண் டொக்டர். தோளைத் தொடவே இல்லை. இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முகத்தில ஒரு பக்கம் வேர்க்கிறேல்லையோ?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். தோள் நோவுக்கு ஏன் நெஞ்சு என்று அக்கா கேட்டா. படத்தில் இட நுரையீரலின் உச்சியில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. உச்சியில் வளரும் கட்டி இருமலைக் கொடுக்காமலே இருக்கலாம், பக்கத்தில் போகும் நரம்புகளைத்தான் அது முதலில் நெருக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். கைக்குப் போகும் நரம்பு, கண்ணிமைக்குப் போகும் நரம்பு, வேர்வைக்குப் போகும் நரம்பு. எட்டு மாதமாக எங்கள் கண்முன்னே நடந்ததையெல்லாம் அந்தப் பிள்ளை பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

கொழும்பில் பயொப்சி (ஊசியால் கட்டியின் சிறு துண்டை எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். புற்றுநோய்தான். அங்கே எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு தமிழ் டொக்டர். கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு காலமா நோ?"

"ஒரு ரெண்டு மாசம் இருக்கும் டொக்டர்" என்றார் அத்தான்.

அக்கா பக்கத்தில் இருந்தா. தேத்தண்ணிக் கோப்பை விழும்வரை வீட்டில் தோள்நோவு பற்றி அவர் வாயே திறக்கவில்லை. என்னிடம்தான் சொன்னார், கராஜில். இப்போது யாரைக் காப்பாற்ற அந்தப் பொய் என்று எனக்கு உடனே விளங்கியது.

ஆனால் டொக்டர் எழும்பி வெளியே போனதும் பொறுக்கவில்லை. டொக்டருக்குப் பின்னால் நடைவழியில் ஓடினேன்.

"டொக்டர், ரெண்டு மாசமில்லை. எட்டு மாசம். எனக்குத் தெரியும்."

அவர் நின்றார். "இப்ப முள்ளந்தண்டுக்குப் பரவியிட்டுது. முதலே வந்திருந்தா வெட்டி எடுக்கேலுமோ எண்டு யோசிச்சிருக்கலாம். சுகம் வந்திருக்கும் எண்டு சொல்லமாட்டன். யோசிச்சிருக்கலாம்."

அந்த 'யோசிச்சிருக்கலாம்' என்னோடு ஊருக்கு வந்தது. இன்னும் இருக்கிறது.

கதிர்ச் சிகிச்சை (கட்டியைச் சுருக்கக் கதிர்களைப் பாய்ச்சுவது) வலியைக் கொஞ்சம் குறைத்தது. மருந்து ஏற்றியதில் தலைமுடி போனது, சாப்பாடு போனது. பிறகு ஒரு நாள், இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ என்றார்கள். அதன் பொருளை யாரும் எங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருக்கலாம். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் மாற்றிக்கொண்ட ஒன்றைச் சொல்லலாம். கிளச் இறுகிவிட்டது என்று யார் கராஜுக்கு வந்தாலும், முதலில் என் இரண்டு விரலை நீட்டி, இடக்கையால் இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறேன். விசரன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

கடைசி மாதங்களில் அவர் இடக்கை பறவையின் கால்போல மடங்கிவிட்டது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்தது. பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளை முற்றத்தில் ஸ்ரார்ட் பண்ணச் சொல்லிக் கட்டிலில் கிடந்து கேட்பார். ஒருநாள் எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே போய் அவர் காலடியில் இருந்தேன்.

"அத்தான், நான்தான் உங்களைப் பிந்தப் பண்ணினனான். அக்காட்டச் சொல்லப்போறன்."

"சொல்லாதை. அவளுக்கு நாளைக்கு ஆர் இருக்கினம்? நீதானே." மூச்சு வாங்கி, பிறகு சொன்னார்: "முள்ளிக்குளத்துச் சின்னம்மாவுக்குப் போனில சொல்லிப்போடாதை. நேர போ."

சின்னம்மா அவருடைய தாயின் தங்கை. தாய் இறந்தபின் அவரை வளர்த்தவர். காது நல்ல கூர்மை, கண்தான் மங்கல். வருத்தம் என்று மட்டும் அவருக்குச் சொல்லியிருந்தோம். இவ்வளவு என்று சொல்லவில்லை.

பங்குச் சுவாமி வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிப் போன மூன்றாம் நாள் காலை, அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது அத்தான் போனார். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தா.

அவரோடு ஓடியவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். முள்ளிக்குளத்துக்கு நான், அவருடைய சைக்கிளில்.

வேலை செய்து கொடுத்தேனே தவிர, அந்தக் கிளச்சோடு நான் ரோட்டில் ஓடியதில்லை. பாலத்தைத் தாண்டிக் கியர் மாற்றியபோதுதான் தெரிந்தது. சின்னி விரலால் தொட்டாலே வந்தது. அந்தக் கையில் எவ்வளவு பலம் மிச்சமிருந்தது என்று எந்தப் படமும் எனக்கு இப்படிக் காட்டவில்லை. மாதம் மாதமாக அந்தக் கைக்கு அளந்து அளந்து இறுக்கத்தைக் குறைத்துக்கொடுத்தவன் நான்தான். வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று ஊர் ஊராக, ஒவ்வொரு கியருக்கும் அது என் கையில் வந்தது. சந்திகளில் யாரும் எனக்காக நிற்கவில்லை.

அக்கா இதை வாசிப்பா. அத்தான் சொல்லாதே என்றதை இப்போது எழுதிவிட்டேன். இனி அக்கா என்ன சொன்னாலும் சரி.

முள்ளிக்குளத்தில் தெரு முனையிலேயே எஞ்சினை நிறுத்தினேன். மிச்சத் தூரம் உருட்டிக்கொண்டு போனேன். படலையடிக்குப் போகுமுன்னமே சின்னம்மா வெளியே வந்துவிட்டார். நெற்றியில் கையை வைத்து என் பக்கம் பார்த்தார். சைக்கிளின் சத்தம் அவருக்குத் தெரியும். அது முனையில் நின்றால் என்ன என்பதும் தெரியும்.

"றெஜியே? சுகமாகியிட்டியே மோனை? ஆர் செத்தது?"

நான் ஹெல்மெற்றோடு நின்றேன். அதைக் கழற்றும்வரைக்கும் அத்தான் உயிரோடுதான் இருந்தார்.

"ஆரெண்டு சொல்லன் மோனை" என்று சின்னம்மா படலையைத் திறந்தார்.

பிறகு கழற்றினேன்.