கன்னட எழுத்தில் அக்கா வாசித்த தமிழ் வேதம்

எங்கள் அக்கா கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் குறை எதுவும் எழுதக்கூடாது என்பார்கள். அக்காவின் குறை ஒன்றைச் சொல்லாமல் எனக்கு எழுத வராது. அதில் என் குறையும் சேர்ந்திருக்கிறது.

அக்கா பிறந்தது அடுகோடியில், அப்பா வேலை பார்த்த பட்டறைக்குப் பின்தெருவில். பக்கத்தில் இருந்தது கன்னடப் பள்ளி என்பதால் அதிலேயே சேர்த்தார்கள். ஏழாம் வகுப்பில் இருந்தபோது அம்மா இறந்துபோக, படிப்பு நின்றது. என்னை மட்டும் சிவாஜிநகரில் சித்தி வீட்டில் விட்டுத் தமிழ்ப் பள்ளியில் படிக்கவைத்தது அக்காவின் பிடிவாதம்தான். கொஞ்சம் வளர்ந்ததும் அவர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனார். திருமணம் ஆகி, மகனை ஆளாக்கிய பிறகும் தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது.

சபையில் இதை யாரும் அறியவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் வாசிப்பவரே அக்காதான். சனிக்கிழமை மாலை நான் வாசிக்க வாசிக்க, அவர் அதைக் கன்னட எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வார். கன்னடத்தில் ‘ழ’ இல்லையே, அதற்கு ‘ள’வின் கீழ் ஒரு புள்ளி. ஞாயிறன்று நோட்டை வேதத்துக்குள் மறைத்து வைத்துக் கணீரென்று வாசிப்பார். எழுதும்போதும் சும்மா இருக்கமாட்டார். இவன் ஏன் அப்படிச் செய்தான், ஆண்டவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று குடைவார். படித்தவள்தானே நீ, சொல்லேன் என்று சீண்டுவார்.

பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா ஒருமுறை, உங்கள் ஜெபத்தில் ஏன் ஓயாமல் கிணறு வருகிறது என்று கேட்டார். கன்னடத்தில் கிணற்றுக்குப் பெயர் ‘பாவி’; நாங்கள் சொல்லும் ‘பாவி’ அவர் காதில் கிணறாக விழுந்திருக்கிறது. மனுஷனும் கிணறுதான், தூர் வாராவிட்டால் நாறும் என்றார் அக்கா. போதகர் இதைப் பிரசங்கத்தில் எடுத்துக்கொண்டார், யார் சொன்னது என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

ஒரு ஞாயிறு, அக்கா வாசிக்க எழுந்து நின்ற பிறகு, போதகர் வேறு பகுதியை வாசிக்கச் சொன்னார். அக்கா பக்கத்தைப் புரட்டினார். மூன்றாம் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் வாசித்திருக்கலாம். எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில் தலை குனிந்துகொண்டேன்.

“எனக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாதுங்க. இத்தன நாளும் கன்னடத்துல எழுதி வெச்சுதான் படிச்சேன். மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரமே ஹெப்பகோடியிலிருந்து ஒரு பெண் தேடி வந்தார். அவர் பிள்ளைகளுக்குக் கன்னட எழுத்துதான் வரும், தமிழ் வேதத்தைத் தொடவே கூச்சப்படுகிறார்கள், அந்த நோட்டைத் தருவீர்களா என்று கேட்டார். அதற்குப் பிறகு சபையிலேயே ஆறேழு பேர் தங்களுக்கும் தமிழ் படிக்க வராது என்று மெதுவாகச் சொன்னார்கள். வியாழக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் கூட ஆரம்பித்தோம். அக்கா எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து வாசிப்பார்கள். கோயிலில் வாய் திறக்காதவர்கள் இங்கே ஆண்டவரையே கேள்வி கேட்டார்கள். அக்காவுக்கு அதில்தான் பரம சந்தோஷம்.

சிறுநீரகம் கெட்டு அவர் படுத்த பிறகு, தினமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு நாள் பாதியில் வேதத்தை மூடிவைத்தேன். அந்த ஞாயிறு நான் தலை குனிந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“நீ எழுந்து வந்திருந்தா நான் வாயத் தொறந்திருப்பனாடி? அவங்கல்லாம் இன்னிக்கும் அவங்கவங்க வீட்டுலயே வெக்கப்பட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க” என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். நான் அழுதுகொண்டே வாசித்தேன்.

மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த வியாழக்கிழமை நண்பர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், அடக்க ஆராதனையை நடத்தித் தந்த போதகருக்கும், அக்காவின் கணவரும் மகனும் நானும் என்றும் கடன்பட்டிருக்கிறோம். இந்தக் கட்டுரையை அடுத்த பக்கத்தில் கன்னட எழுத்திலும் அச்சிட்டிருக்கிறோம். யாருடைய உதவியும் இல்லாமல் அக்கா தாமாகவே வாசித்திருக்கக்கூடிய பக்கம் அது.