யோகா வகுப்பு பின்பக்கம்

போன வருடம் தவக்காலத்தில், நியூஜெர்சியில் நடந்தது இது. என் மாமனார் இறந்து ஒரு வருடம் நிறைகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமியாருக்கு ஒரே ஆசை. அன்றைக்குக் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கி, திருவிருந்து எடுக்க வேண்டும்.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய ஆங்கிலிகன் கோயில் இருக்கிறது. கல் சுவர், கூர்க்கோபுரம், சுற்றிலும் சாய்ந்து நிற்கும் கல்லறைகள். இங்கிலாந்தின் கிராமத்துக் கோயிலைப் பார்த்து அப்படியே கட்டினார்களாம். எங்கள் ஊர்க் கோயிலும் அதே மாதிரிதான். காரை விட்டு இறங்கியதுமே அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

ஊர் வழக்கப்படி, குளிருக்குப் போட்டிருந்த ஷூவையும் சாக்ஸையும் வாசலில் கழற்றி வைத்தார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டார். வரவேற்க நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அந்த வெறுங்காலைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். வாயெல்லாம் சிரிப்பாக, "யோகா வகுப்புதானே? பின்பக்க ஹாலில் நடக்கிறது" என்று கை காட்டினார்.

எனக்குச் சுரீரென்றது. ஆராதனைக்கு வந்திருக்கிறோம் என்றேன். "ஓ, ரொம்பச் சந்தோஷம்! எப்போது மதம் மாறினீர்கள்?" என்றார். அத்தையின் தாத்தாவே ஊர் ஊராக வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்! எங்கள் காம்ப்ளக்ஸில் இருக்கிற இந்திய ஆன்ட்டிகளும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நம்மவர்களுக்கும் விளக்கம், இவர்களுக்கும் விளக்கம். எத்தனை பேருக்குத்தான் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

திருவிருந்து நேரம் வந்தது. ஒவ்வொரு பெஞ்சாக ஆட்களை எழுப்பி அனுப்பிய அதே மனிதர், எங்களிடம் வந்ததும் குனிந்து, "நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம், பரவாயில்லை" என்று கிசுகிசுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். பரவாயில்லையாம்! யாருக்குப் பரவாயில்லை?

"என்னம்மா சொல்லுதாரு?" என்று கேட்டார் அத்தை.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நம்மள உக்காரச் சொல்றாரு, அத்தை."

"எதுக்கு உக்காரணும்? மாமாவுக்காகல்லா வந்திருக்கோம். எந்திரி."

அந்த வெறுங்காலோடு பெஞ்சுகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்துபோய், பீடத்தின் முன் முழங்காலிட்டுக் கைகளை நீட்டினார். நானும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டேன். அங்கே போதகராக இருந்த பெண்மணி எதுவும் கேட்கவில்லை. அப்பத்தை அந்தக் கைகளில் வைத்தார். அத்தை சொன்ன ஆமென் கடைசி பெஞ்ச் வரை கேட்டிருக்கும்.

வெளியே வரும்போது அந்த மனிதர், "தப்பாக நினைக்காதீர்கள், நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்" என்றார். அத்தை அவருக்குக் கை கூப்பி ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டார். நான் காரை எடுக்கப் போனேன்.

அத்தை ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் விடாப்பிடியாக அதே கோயிலுக்குத்தான் போகிறேன். கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டும் என்றும் எனக்கு இல்லை. நல்ல எண்ணத்தோடு சிரித்துக்கொண்டே ஒருவரை வெளியே நிறுத்திவிட முடியும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அதனால்தான் புதிதாக யார் உள்ளே வந்தாலும், எங்கிருந்து, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், நகர்ந்து உட்கார்ந்து என் பெஞ்சில் இடம் விடுகிறேன்.