அலமாரி மூலை டம்ளர்

வெளிநாட்டில் என் பிள்ளைக்கு வாடகைக்கு வீடு தரவில்லை. போனில் சரியென்றவர்கள், நேரில் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்றிலிருந்து நிறவெறியைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி, கோலம் போட்ட கையோடு உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு படிக்கிறாளே என்று என் தங்கை கேலி செய்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு வியாழக்கிழமை மத்தியானம் காணாமல் போயிற்று. காலியாக இருந்த எங்கள் மாடி போர்ஷனைப் பார்க்க, புரோக்கர் ஓர் இளைஞரை அழைத்து வந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே படிக்க வந்தவர். காட்டூரில் இருந்த வீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

அதற்குள் எதிர்வீட்டு மாமி கேட்டருகே வந்து, “ஆத்துக்கு யாரு வந்திருக்கா?” என்றாள். நான் காதில் விழாதது போல் இருந்தேன். இவரைக் குடிவைத்தால் தெருவில் என்ன பேசுவார்கள்? நாளைக்கு எனக்கு உடம்புக்கு முடியாவிட்டால் யார் எட்டிப் பார்ப்பார்கள்? நான் தனியாக இருப்பவள்.

“மாமி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார் அவர், தமிழிலேயே.

சமையலறைக்குப் போனேன். கை தானாக அலமாரி மூலைக்குப் போயிற்று. அங்கே ஒரு டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பேன். வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கும் பிளம்பருக்கும் அதில்தான் தண்ணீர். நிரப்பிக் கொண்டுவந்து நீட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் அண்ணாந்து, உதடு படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார்.

“வாய் வெச்சே குடிக்கலாமே,” என்றேன்.

“பழகிடுச்சு மாமி. இந்த ஊருக்கு வந்து முதல்ல கத்துக்கிட்டது இதுதான்,” என்று சிரித்தார்.

வேலைக்கு வருகிறவளும் அப்படித்தான் குடிப்பாள். அது அவள் வழக்கம் என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். எதிர்வீட்டு மாமியைப் பற்றிய பயம் சின்னதாகிவிட்டது. இவ்வளவு படித்தும், என்னைக் கேட்காமல் மூலைக்குப் போன என் கையை நினைத்துத்தான் பயந்தேன்.

“வீடு உங்களுக்குத்தான்,” என்றேன்.

அவர் நம்பவில்லை. “நாளைக்கு மாத்திச் சொல்ல மாட்டீங்களே? போன வாரம் ஒரு வீட்ல அப்படித்தான் ஆச்சு.”

மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. விடிவதற்குள் மனசு மாறினாலும் மாறிவிடுவேன். அதனால் ஆணியில் தொங்கிய மாடிச் சாவியை எடுத்து, எதிர்வீட்டு மாமி பார்க்கப் பார்க்க, அப்போதே அவர் கையில் கொடுத்துவிட்டேன்.