திருவிடந்தை மாலை

அண்ணன் வீட்டு சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் துணிக்கடை மஞ்சள் பை ஒன்று தொங்கும். உள்ளே ஒரு காய்ந்த மாலை. பை வெளுத்து, கடையின் பெயர்கூட அழிந்துவிட்டது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். பீர்க்கன்கரணையில் ஏரியைப் பார்த்த அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். போன வாரமும் போயிற்று. ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் இறந்ததிலிருந்து எனக்கு எதுவுமே தோன்றாமல் இருந்தது. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று அண்ணனுக்கு வந்த வரன் எல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த காலம். திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்தினால் கல்யாணம் கூடும் என்று அம்மா விரட்டினாள். சாத்துகிற மாலையில் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்து, வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய் அந்தப் பழைய மாலையைக் கோயிலில் சேர்த்துவிட வேண்டும். துணைக்கு நான் போனேன். வீடு வந்து சேரும்வரை மாலையைக் கழற்றக் கூடாது என்று அம்மா தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்திருந்தாள். ஹார்டுவேர் கடை வைத்து நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், தலையில் ஹெல்மெட்டும் கழுத்தில் சம்பங்கி மாலையுமாக பைக் ஓட்டினான். கேளம்பாக்கம் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, மண்டபத்துலேர்ந்து ஓடியாந்துகினு கீறியா?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

அடுத்த தையிலேயே கீழ்க்கட்டளையிலிருந்து அண்ணி வந்துவிட்டாள். மாலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் மிச்சம். அங்கேதான் எங்கள் குடும்பத்துக்கே உரிய கோளாறு ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் யாரும் ஒரே ஒரு காரியத்துக்காக எங்கேயும் போனதில்லை. அவ்வளவு தூரம் போய் முட்டுக்காட்டில் படகு ஏறாமலா வருவது? மாமல்லபுரம் வரைக்கும் போய்ச் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? அப்படியென்றால் வேன் பிடிக்க வேண்டும். வேன் என்றால் அண்ணியின் வீட்டுக்காரர்களைக் கூப்பிடாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் தோதான ஞாயிறு என்று பார்த்தால் அன்றைக்கு யார் வீட்டிலாவது காதுகுத்து. இல்லாவிட்டால் மழை. அப்புறம் குழந்தை பிறந்தது, அம்மாவுக்கு முட்டிவலி வந்தது, அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய்க் கோவளத்தில் திரும்பினால் பைக்கில் ஒரு மணி நேரம்தான். விடிகாலையில் இரண்டு பேருமாகப் போய்விட்டு டிபனுக்கு வீட்டுக்கு வந்திருக்கலாம். சத்தியமாக எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவே இல்லை. அண்ணி ஞாபகப்படுத்தும்போதெல்லாம் அண்ணன் ஆணியைக் காட்டி ஒன்றையேதான் சொல்வான்.

"அது பாட்டுக்கு கீது. எங்க ஓடிடப் போவுது?"

போன வருஷம் கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் மகள் காலேஜில் படிக்கிறாள். தன் அம்மா வாசலைத் தாண்டுவதே இல்லை என்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நாள் சுற்றிவரத் திட்டம் போட்டாள். போனில் மேப்பை விரித்து எனக்குக் காட்டினாள். காலையில் முட்டுக்காட்டில் படகு, கோவளத்தில் மீன் சாப்பாடு, பிறகு புலிக்குகை, வெயில் தாழ்ந்ததும் மாமல்லபுரம். அவள் விரல் கோவளத்திலிருந்து புலிக்குகைக்குத் தாவியபோது நடுவில் திருவிடந்தை கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்காக அழக்கூட முடியாதவள், அவன் விட்டுப்போன இந்த ஒரு காரியத்தையாவது முடித்துவைக்கிறேன் என்று நினைத்தேன்.

யோசனை கேட்கலாம் என்று சித்திக்குப் போன் போட்டது தப்பாகப் போயிற்று. ஜோடியாகப் போய்க் கொடுக்க வேண்டியதை அண்ணி ஒண்டியாகப் போய்க் கொடுப்பாளா, ஊர் என்ன சொல்லும் என்று பொரிந்து தள்ளினாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. மறுநாள் பஸ் பிடித்துத் திருவிடந்தைக்கே போய், வாசலில் மாலை விற்கிற அம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா பூக்கட்டுகிற கையை நிறுத்தவில்லை.

"கொண்டாந்து குடும்மா. பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னா பெருமாளு பாக்கப் போறாரு?"

அதையே தெம்பாக எடுத்துக்கொண்டு நேராக அண்ணியிடம் போனேன். பையை ஆணியிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்து, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி பையைப் பிரித்தாள். பூ என்று ஒன்றும் இல்லை. நாரும் கொஞ்சம் ஜிகினாவும் பழுப்புத் தூளும்தான். நாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு தரையில் சிந்திய தூளை உள்ளங்கையால் கூட்டி அள்ளிப் பைக்குள் போட்டாள்.

"இதக் குடுத்துட்டா, அவரும் நானும் சேர்ந்து செய்ய வேண்டியது வேற எதுவும் இல்லையே" என்றாள்.

எழுந்து போய்ப் பையைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"அது பாட்டுக்கு கீது" என்றாள். "எங்க ஓடிடப் போவுது?"

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று மகளைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பை ஆணியில் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. "அத்தை, அப்போ நடுவுல அந்தக் கோயில் வேணாமா?" என்று பெண் மெதுவாகக் கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.